கடைசிப் பிள்ளையின் கொள்ளி

என் மகள் செய்யாறு காலேஜில் எம்.ஏ. இங்கிலீஷ் படித்தாள். நான் அஞ்சாவது. நான் தறியில் நெய்வேன். பக்கத்தில் ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே பாடத்தை உரக்கப் படிப்பாள். போன வருஷம் ஒரு பேப்பர், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரன் எழுதிய சாமிப் பாட்டுகள். அதில் குற்றம் என்றால் என்ன என்று பெரிய கேள்வி வருமாம்.

“இன்னா குத்தம் அது?” என்றேன்.

“முக்கியமா ரெண்டுப்பா. சோறு போட்ட எஜமானுக்குத் துரோகம் பண்றது. கூடப் பொறந்தவனக் கொல்றது. ஒரு பாட்டுல அண்ணன் தம்பியக் கொன்னுடறான். ரத்தத்த மண்ணு குடிச்சிடுது.”

“அவனத் தூக்குல போட்டாங்களா?”

“இல்ல. சாமி அவன ஊரவிட்டு அனுப்பிடுது. சொந்தபந்தம் இல்லாம சுத்தணும். அதான் பெரிய தண்டன.”

“ஜெயிலு?”

“ஜெயிலே கிடையாது. இன்னா பா, இவ்ளோ கேக்கற? நீ பரீட்ச எழுதப் போறியா?”

சிரித்தாள். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்தது. நாங்கள் மூன்று பேர். நான் நடு. பதினோரு வருஷத்துக்கு முன் மொட்டை மாடியில் வீட்டுப் பாகம் பேசும்போது தம்பி அண்ணனைத் தள்ளினான். கீழே துணி துவைக்கும் கல். நான் படியில் நின்று பார்த்தேன். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். போலீஸ் கேட்டபோது அம்மா என் கையைப் பிடித்திருந்தார்கள். பாசி வழுக்கி விழுந்துவிட்டார் என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

அண்ணன் காரியம் முடிந்த அன்று அம்மா தம்பியிடம், “என் கண்ணு முன்னால நிக்காத” என்றார்கள். அவன் தேசூர் போனான். கல்யாணம் இல்லை. யாரும் போய்ப் பார்க்கவில்லை. பாகத் தகராறு என்றே உறவுக்காரர்கள் நினைத்தார்கள்.

இந்தத் தையில் அம்மா இறந்தார்கள். அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்குக் கடைசி மகன், அதுதான் எங்களில் கொள்ளி முறை. நான் சொல்லி அனுப்பவில்லை. எப்படியோ தெரிந்து வந்திருந்தான். சுடுகாட்டில் தள்ளி நின்றான். முடி நரைத்திருந்தது.

மாமா கூப்பிட்டார். “கடைசிப் புள்ள, வாடா. வெயில் ஏறிகினு போவுது.”

“நான் வக்கிறேன்” என்றேன்.

“அவன் உசுரோட நிக்கும்போது நீ எப்பிடிடா வப்ப? பெத்தவ பொணத்து முன்னாலயும் பாகச் சண்டையா?”

வேறு வழி தெரியவில்லை. சொன்னேன். “அண்ணன் வழுக்கி விழல. இவன் தள்ளினான். நான் பாத்தேன்.”

தம்பி கிட்டே வந்தான். கோபமாக வரவில்லை.

“இத அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா அண்ணா? உள்ள போயிட்டு இந்நேரம் வெளிய வந்திருப்பேன்.”

கொள்ளியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். மாமா துண்டை உதறித் தோளில் போட்டு நடந்தார். மற்றவர்களும் அவர் பின்னால் போனார்கள். அவன் வைத்தான். நன்றாகப் பற்றும் வரை இருவரும் நின்றோம்.

மறுநாள் எலும்பு பொறுக்க நாங்கள் இரண்டு பேர்தான். பாலை அவன் ஊற்றினான், சட்டியை நான் பிடித்தேன்.

“போலீசுக்குப் போலாமா?” என்றேன்.

“நீயும் மாட்டிக்குவ.”

“தெரியும்.”

எலும்பை ஆற்றில் விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனோம்.