பச்சைக் கூடையில் பாட்டில்

எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை என்று அப்பா ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சொல்லிவிட்டு வந்து தினமும் குடித்தார். பாண்டிச்சேரிக்காரன் என்றாலே வெளியூர்க்காரர்கள் கட்டைவிரலை வாய்க்கு நேரே காட்டிச் சிரிக்கிறார்கள் என்பது அவருடைய தீராத மனக்குறை. காலிப் பாட்டிலை அம்மா பழைய செய்தித்தாளில் சுருட்டி, இரண்டு முனையையும் மடித்து உள்ளே செருகி, காய்கறித் தோலுக்கு அடியில் புதைத்துவிடுவாள். இந்த ஏற்பாட்டில் எல்லோருடைய மானமும் பத்திரமாக இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, பாண்டிச்சேரி சாரம் பகுதியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு கூடை கொடுத்தார்கள். மக்கும் குப்பை பச்சையில், மக்காதது சிவப்பில். வீட்டில் பிரித்துப் போடுவது பிள்ளைகளின் பொறுப்பு என்று பள்ளியில் வேறு உறுதிமொழி வாங்கிவிட்டார்கள். பால் கவரையும் எண்ணெய்க் கவரையும் கழுவிக் காயவைத்துச் சிவப்பில் போட்டேன். பாட்டில் மட்டும் பச்சைக்கே போய்க்கொண்டிருந்தது. கண்ணாடி மக்காது என்று அம்மாவிடம் சொன்னேன். "உன் வேலய பாத்துக்கினு போடி" என்றாள்.

ஒருநாள் பாட்டில் உள்ளேயே உடைந்திருந்தது. குப்பை வண்டி தள்ளிவரும் அம்மாள் எங்கள் பச்சைக் கூடையைக் கவிழ்த்துக் கையால் கிளறினார். உள்ளங்கை கிழிந்துவிட்டது. "கண்ணாடி எப்டி வந்துதுன்னே தெரியலியே" என்று சொல்லிக்கொண்டே அம்மா மஞ்சள்தூளை அப்பினாள். அவர் எங்களை ஒருமுறை பார்த்தார். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. மதியம் சாப்பிட்டேன், ராத்திரி சாப்பிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் அக்காவைப் பெண் பார்க்கக் காலாப்பட்டிலிருந்து வருவதாக இருந்தது. அக்காவுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் போட்டோவைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். அது குடிகாரர் இல்லாத வீடு என்று தரகர் சொன்னதுதான் அவளுக்குப் பெரிய விஷயம். எல்லோரும் பஜ்ஜிக்கும் கேசரிக்கும் அலைந்துகொண்டிருந்தபோது நான் பச்சைக் கூடையைக் கொட்டினேன். சுற்றியிருந்த தாளைப் பிரித்தேன். பாட்டில்களைக் கழுவித் துடைத்து, வாசலில் சிவப்புக் கூடையின் மேல் பளிச்சென்று அடுக்கினேன்.

வந்தவர்கள் அதன் பக்கத்தில்தான் செருப்பைக் கழற்றினார்கள். மாப்பிள்ளையின் அப்பா பாட்டிலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அப்பா என் காதைப் பிடித்துத் திருகினார்.

"தெருவுல கெடக்கறதெல்லாம் பொறுக்கினு வந்து வெச்சிருக்கு பாருங்க. ஸ்கூல்ல அப்டி சொல்லிக் குடுக்கறாங்களாம். நம்ம வீட்ல அந்த வாடையே கெடையாதுங்க."

"எங்க வீட்லயும் அப்டித்தாங்க" என்றார் அவர்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவளாவது உண்மையைச் சொல்லுவாள் என்று நினைத்தேன். "ஆமாங்க, சொன்னா கேக்கறதே இல்ல" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பொறுக்கி ஆக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து பஜ்ஜி தின்றார்கள். இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே தட்டு மாற்றுவதற்கு நாள் குறித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா கை கழுவ வாசல் குழாய்க்கு வந்தார், கூடவே என் அம்மாவும். அந்தம்மாள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, தரையில் கிடந்த செய்தித்தாளை எடுத்து விரித்தார். பாட்டிலை அதில் வைத்துச் சுருட்டினார். இரண்டு முனையையும் மடித்து உள்ளே செருகினார். கல்யாண மண்டபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே செய்தார், கையைப் பார்க்கக்கூட இல்லை. ஒவ்வொன்றாகச் சுற்றி அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்தம்மாளை மிகவும் பிடித்துவிட்டது. அன்றைக்கு வந்தவர்களில் அடுத்தவர் கை கிழியக் கூடாது என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான் என்று முடிவு செய்தேன். சாயங்காலம் அக்கா தலையிலிருந்து பூவை எடுத்துக்கொண்டிருந்தபோது அவளிடம் ஓடினேன்.

"உன் மாமியார் ரொம்ப நல்லவங்க. நம்ம அம்மா மாதிரியே பாட்டில் சுத்தறாங்க."

அக்கா பூவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு அம்மாவிடம் போனாள். அடுப்படியில் இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். "எல்லாரும் பாத்துட்டுப் போயிட்டாங்க, இனிமே வேணாம்னு எப்டிடீ சொல்றது" என்று அம்மா சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அக்கா திரும்பி வந்து சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அவ்வளவு நல்ல மாமியார் கிடைத்தும் மணவறையில் உட்கார்ந்து அழுகிறாளே என்று எனக்கு அக்காவின் மேலும் கோபம் வந்தது.