லக்ராஸ் போட்டியின் கடைசிப் பந்தி

நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் எனக்கு வாய்த்த முதல் வேலை, எனக்குத் துளியும் தெரியாத ஒரு விளையாட்டைப் பற்றி ஊரார் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கணவருக்கு மன்ஹாட்டனில் ஒரு வங்கியில் கான்ட்ராக்ட் வேலை. ஜெர்னல் ஸ்கொயர் பக்கம் சின்ன அபார்ட்மென்ட். நான் அருகிலிருந்த கல்லூரி ஒன்றில் மேற்படிப்புக்குச் சேர்ந்திருந்தேன். வளாகத்துக்குள்ளேயே பகுதிநேர வேலை பார்க்கலாம் என்றார்கள். நூலக வேலைகளை எனக்கு முன்னால் வந்தவர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்தது விளையாட்டு அலுவலகம். பள்ளிக்கூடத்தில் கோகோவில் உட்கார வைத்த இடத்திலேயே பீரியட் முடியும்வரை உட்கார்ந்திருந்தவள் நான். என் தலையெழுத்து!

பெண்கள் லக்ராஸ் அணியின் கோச்சுக்குத்தான் என்னை உதவிக்குப் போட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய, நெட்டையான பெண்மணி. மழையானாலும் வெயிலானாலும் கழுத்தில் ஒரு விசில். முதல் நாளே அந்த மட்டையை என் கையில் கொடுத்தார். நீளக் கழி, நுனியில் சின்ன வலை. அந்த வலையில் பந்தை ஏந்திக்கொண்டு ஓடவேண்டும், கூட்டாளிக்கு வீசவேண்டும், கடைசியில் கோலுக்குள் போடவேண்டும். வீட்டுக்கு வந்து கணவரிடம் கையை ஆட்டி ஆட்டி விவரித்தேன். “பலகாரம் சுடற ஜல்லிக்கரண்டி மாதிரின்னு சொல்லு” என்றார். அதற்கப்புறம் எனக்கு அது ஜல்லிக்கரண்டிதான்.

கோச் பேசியதெல்லாம் ஆங்கிலம். ஆனால் என் ஞாபகத்தில் அவர் எங்கள் ஊரான கோபிப் பக்கத்துத் தமிழில்தான் பேசுகிறார். அப்படியே எழுதிவிடுகிறேன், என்னை யார் கேட்கப்போகிறார்கள்?

ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு சனி, ஞாயிறு எங்கள் கல்லூரியில் எட்டு வெளியூர் அணிகள் வந்து கூடும் போட்டி ஒன்று நடக்கும். கோச் தனியாளாகத் தொடங்கியது. மற்ற நாட்களில் ஆண்கள் அணி ஆடி முடித்த மிச்ச நேரமும், பின்பக்கத்து மேடு பள்ள மைதானமும்தான் பெண்களுக்குக் கிடைக்கும். இந்த இரண்டு நாள் மட்டும் நல்ல மைதானம் முழுக்க அவர்களுடையது. அதற்காகவே கோச் வருடம் பூராவும் உழைப்பார்.

நான் சேர்ந்த வருடம் அதற்கு ஆபத்து வந்தது. வழக்கமாக வரும் இரண்டு அணிகள் தேதி ஒத்துவரவில்லை என்று சொல்லிவிட்டன. வருகிற ஆறும் அடுத்த வருடத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. விளையாட்டுத் துறை இயக்குநர் கோச்சைக் கூப்பிட்டார். அடுத்த வருடம் எட்டு அணிகள் வரவேண்டும்; வந்த எட்டும் மறுபடி வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும்; இல்லாவிட்டால் அந்த இரண்டு நாளும் மைதானமும் ஆண்கள் அணிக்கு. கோச் திரும்பி வந்து விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை.

“நீ ஸ்டாடிஸ்டிக்ஸ் படிச்சவதானே கண்ணு? ஏன் வரமாட்டேங்கறாங்கன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு” என்றார்.

கோயம்புத்தூரில் படித்த படிப்புக்கு இப்படி ஒரு மரியாதையா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கேள்வித்தாள் ஒன்று தயாரித்தேன். மைதானம் எப்படி, நடுவர்கள் எப்படி, கால அட்டவணை எப்படி, சாப்பாடு எப்படி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போடுங்கள். அந்த ஏப்ரல் சனிக்கிழமை, காற்று ஊசியாய்க் குத்த, வந்திருந்த கோச்சுகள், பெற்றோர்கள், ஆட்டக்காரிகள் என்று எல்லோர் கையிலும் திணித்தேன். சாயங்காலம் வாங்கிப் பார்த்தால் எல்லாம் ஐந்து. மைதானம் ஐந்து, நடுவர் ஐந்து, சாப்பாடு ஐந்து. அடியில், பிரமாதம், அருமை, அழைத்ததற்கு நன்றி.

கோச் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. “எல்லாமே அஞ்சுன்னா எதுக்கு வரமாட்டேங்கறாங்க?” என்றார்.

அன்று வீட்டில் அரிசிம்பருப்புச் சாதம் வைத்திருந்தேன். கணவர் தட்டை நிரப்பிக்கொண்டு, “எல்லாரும் அஞ்சு போட்டிருக்காங்கன்னா சந்தோஷப்படுவியா, மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?” என்றார்.

எனக்குச் சுருக்கென்று ஒன்று நினைவுக்கு வந்தது. “ஏனுங்க, நம்ம கல்யாணத்துல சாப்பாடு எப்படின்னு எங்கப்பா கேட்டப்போ உங்க பெரியப்பா என்ன சொன்னாரு?”

“பிரமாதம்னாரு.”

“கை கழுவற எடத்துல என்ன சொன்னாரு தெரியுமா? ரசமா இது, பாத்திரம் கழுவின தண்ணின்னாரு.”

அவர் பிசைவதை நிறுத்திவிட்டார். “அது உனக்கெப்படித் தெரியும்?”

அப்போதுதான் எங்கள் குடும்ப ரகசியத்தை உடைத்தேன். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் என் சித்தப்பாவுக்கு ஒரே வேலைதான். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குழாயடியில் நிற்பார். “வாங்க மாமா, இந்தாங்க துண்டு” என்பார். காது மட்டும் அகலத் திறந்திருக்கும். இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது எல்லோரும் பெரிய மனிதர்கள். எழுந்து கை கழுவும்போதுதான் பக்கத்து ஆளிடம் உள்ளதைச் சொல்வார்கள். சித்தப்பா சமையற்கட்டுக்கு ஓடுவார். அடுத்த பந்திக்குள் ரசம் ரசமாகியிருக்கும்.

“அடப்பாவிகளா! எங்க சனத்தையே வேவு பாத்திருக்கீங்க!”

“வேவு பாத்ததாலதான் ரெண்டாவது பந்தியில உங்க அத்தை ரசத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிச்சாங்க. நாளைக்கு நானும் கை கழுவற எடத்துல நிக்கப்போறேன், பாருங்க.”

“ஸ்டாடிஸ்டிக்ஸ் படிச்சுட்டு டீ ஆத்தப் போறயாக்கும்” என்று அவர் கிண்டல் செய்தார். அந்தக் கிண்டலிலிருந்துதான் எனக்கு வழியே கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை, பேருந்துகள் நிற்கும் பார்க்கிங் லாட்டின் ஓரத்தில் ஒரு மடக்கு மேஜை போட்டேன். இஞ்சி தட்டிப் போட்டு ஒரு பெரிய பாத்திரம் நிறைய டீ. கணவரின் தொளதொள கோட்டை மாட்டிக்கொண்டு, காகிதக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தேன். கேள்வித்தாள் எதுவும் கையில் இல்லை. டீ ஊற்றுகிறவளை யார் கண்டுகொள்வார்கள்? குளிருக்கு எல்லோரும் வந்தார்கள். வந்தவர்கள் அங்கேயே நின்று பேச ஆரம்பித்தார்கள்.

எதிரே எங்கள் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடம், கண்ணாடிச் சுவர். உள்ளே எங்கள் அணிப் பெண்கள் சூடான சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். தினமும் போலத் தங்கள் சாப்பாட்டு அட்டையைக் காட்டி உள்ளே போயிருந்தார்கள், அவ்வளவுதான். வெளியே புல்தரையில் விருந்தாளி அணி. குட்டைப் பாவாடை, குளிரில் நீலம் பாரித்த முழங்கால், மடியில் ஒரு அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் ஜில்லிட்ட சாண்ட்விச்சும் ஒரு ஆப்பிளும்.

ஒரு அம்மா கண்ணாடிப் பக்கம் பார்த்துவிட்டு, “வருஷா வருஷம் இதேதான். அவங்க உள்ள, நம்ம புள்ளைங்க வெளிய” என்றார். பக்கத்தில் நின்ற வெளியூர் கோச், “மைதானம் நல்லா இருக்கு, எல்லாம் நல்லா இருக்கு. இதைப் போயி வாயத் தொறந்து எப்படிச் சொல்றது? அல்பம்னு நினைப்பாங்க. அடுத்த வருஷம் பென்சில்வேனியா பக்கம் போயிக்கலாம்” என்றார்.

நான் ஊற்றிய டீ கோப்பை வழிந்து மேஜையில் ஓடியது. பந்தி வஞ்சனை! ஒரே பந்தியில் ஒருவருக்கு ஒரு மாதிரியும் இன்னொருவருக்கு வேறு மாதிரியும் பரிமாறினார்கள் என்ற பேர் எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்கு வந்துவிட்டால், மூன்று தலைமுறைக்கு அதைச் சொல்லிக் காட்டுவார்கள். அந்த விளையாட்டின் விதி ஒன்றுகூட எனக்கு அப்போது சரியாகத் தெரியாது. ஆனால் இது தெரியும். என் வீட்டுக் கல்யாணத்தில் நடந்ததுபோல வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை கோச்சிடம் போட்டு உடைத்தேன். பக்குவமாகச் சொல்லவெல்லாம் எனக்கு வராது. வந்தவர்களைப் பட்டினி போடவில்லை, ஆனால் அவமானப்படுத்திவிட்டோம் என்றேன்.

“யாருமே சொல்லலியே!”

“சொல்ல மாட்டாங்க. சொன்னா அவங்களுக்குக் கேவலம். அதனாலதான் வராம நின்னுக்கறாங்க.”

“அவங்ககிட்ட சாப்பாட்டு அட்டை கிடையாது. நல்ல கடையிலதான் சாண்ட்விச் வாங்கினோம்...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போனார். முகம் சிவந்திருந்தது. போச்சு, வேலைக்கு வந்தது வினை என்று உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் திரும்பி வந்தார். கையில் மிச்சமிருந்த அட்டைப்பெட்டிகளில் ஒன்று.

“அதே புல்லுல உக்காந்து இதைத் தின்னு பாத்தேன்” என்றார். “கண்ணாடி வழியா உள்ள பாத்துக்கிட்டே.” பெட்டியைக் குப்பையில் போட்டார். “உங்க ஊர்ல எப்படிப் பண்ணுவீங்க, சொல்லு.”

முதல் பந்தி விருந்தாளிக்கு, வீட்டுக்காரர்கள் பரிமாறவேண்டும், வீட்டுக்காரர்களுக்குக் கடைசிப் பந்தி. இவ்வளவுதான் சொன்னேன். இதைச் சொல்ல எந்த யுனிவர்சிட்டியும் வேண்டியதில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் கோச் ஒவ்வொரு அணிக்கும் தானே போன் பண்ணினார். கருத்து என்ன என்று கேட்கவில்லை. “உங்களைச் சரியாக் கவனிக்கல, தப்பு எங்களோடது, வந்து எங்களோட உக்காந்து சாப்பிடுங்க” என்றார். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும். ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். பென்சில்வேனியா போவதாகச் சொன்ன அந்த கோச் மட்டும் பிடிகொடுக்கவில்லை. கடைசியில், “இந்த ஒரு வருஷம் வர்றோம், அவ்வளவுதான். அதுக்கப்புறம் கேக்காதீங்க” என்றார். எட்டு சேர்ந்தது. ஆனால் எட்டாவது ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டே உள்ளே வந்தது.

மறு ஏப்ரலில் ஜிம்முக்குள் நீள நீளமாக மேஜை போட்டோம். பெரிய பாத்திரங்களில் சூப், பாஸ்தா, சுடச்சுட ரொட்டி. எங்கள் அணித் தலைவி, “நாங்க ஆட வந்தோமா, பரிமாற வந்தோமா?” என்று முணுமுணுத்தாள். “ரெண்டுக்கும்தான்” என்று கோச் ஒரு கரண்டியை அவள் கையில் கொடுத்தார். பரிமாறும் பயிற்சி என் பொறுப்பு. நான் சும்மா விடுவேனா? “போதும்னு சொன்னா நம்பாதீங்க. மொதல் போதும் மரியாதைக்குச் சொல்றது. இன்னொரு கரண்டி போடுங்க. கையக் குறுக்க வெச்சு மறைச்சாத்தான் நிஜமாவே போதும்னு அர்த்தம்” என்று சொல்லிக் கொடுத்தேன்.

அந்தப் பெண்கள் சொன்னபடி கேட்கிற பெண்கள். ஞாயிறு மத்தியானத்துக்குள் மற்ற ஏழு அணிகளும் அடுத்த வருடமும் வருவதாகச் சொல்லிவிட்டன. மிச்சமிருந்த எட்டாவது அணி உட்கார்ந்தபோது விழுந்து விழுந்து உபசரித்தார்கள். பாஸ்தாவுக்கு மேல் பாஸ்தா. கையைக் குறுக்கே வைத்து மறைக்கவேண்டும் என்று பாவம் விருந்தாளிகளுக்குத் தெரியாதே! நான் ஓரத்தில் நின்று பெருமையில் பூரித்துக்கொண்டிருந்தேன். உண்டு முடித்ததும் அவர்களுக்கு ஆட்டம் என்பது என் மண்டையில் உறைக்கவேயில்லை.

கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள் பாயில் சாய்வார்கள். இவர்கள் ஓடவேண்டியிருந்தது. முதல் பாதியை எப்படியோ சமாளித்தார்கள். இரண்டாம் பாதியில் ஜல்லிக்கரண்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்கள். எதிரணி பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தது. மைதான ஓரத்தில் அவர்களுடைய கோச் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். ஆசை ஆசையாய்ப் பரிமாறி, நானே போட்டிக்குக் குழி தோண்டிவிட்டேனே என்று நினைத்தேன்.

ஆட்டம் முடிந்ததும் அவர் நேராக எங்கள் கோச்சிடம் வந்தார். நான் பார்க்கிங் லாட்டில் அந்த வருடமும் போட்டிருந்த டீ மேஜைக்குப் பின்னால் ஒளியாத குறை.

“என்னங்க இது அநியாயம்?” என்றார், பார்க்கிங் லாட் பூராவும் கேட்க. “எங்க புள்ளைங்களுக்கு மூச்சு விடக்கூட எடமில்லாமத் திணிச்சிருக்கீங்க! போதும்னாலும் விடமாட்டேங்கறாங்க! இப்படியா சோறு போடறது?”

கோச்சின் முகம் வெளுத்துவிட்டது. “மன்னிச்சுக்குங்க” என்றார்.

“மன்னிக்கறதெல்லாம் இருக்கட்டும். அடுத்த வருஷம் எங்க ஆட்டத்தை முன்னாடி வெச்சுட்டு அப்புறம் சாப்பாடு போடுங்க. அந்த சூப்புல உப்பும் ஜாஸ்தி. அதையும் பாருங்க.” என்னிடம் திரும்பி, “டீ ஒண்ணு குடு” என்று வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

பஸ் வளைவில் திரும்பும் வரை நாங்கள் இருவரும் அசையவில்லை. அப்புறம் கோச் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “கேட்டியா? அடுத்த வருஷம்னு சொன்னாங்க! மூஞ்சிக்கு நேரா நம்மளத் திட்டிட்டு, அடுத்த வருஷம்னு சொன்னாங்க!” அவர் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான்.

ஜிம்முக்குள் எங்கள் பெண்கள் காத்திருந்தார்கள். நானும் கோச்சும் அவர்களோடு கடைசிப் பந்தியில் உட்கார்ந்தோம். பாஸ்தா தீர்ந்துபோயிருந்தது. ரொட்டியும் ஆறிய சூப்பும்தான் மிச்சம். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், உப்பு ஜாஸ்தி.