கால்வாயின் முதல் பாலம்

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் கார் வைத்திருந்தவர்களே குறைச்சல். எங்களிடம் படகு இருந்தது. பாய்மரப் படகு. இரண்டு பேர் கால் நீட்டி உட்காரலாம், அவ்வளவுதான். என் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அங்கே யாரோ வேண்டாமென்று தள்ளியதைக் கொண்டுவந்து, அடையாற்றங்கரையில் ஒரு நண்பர் வீட்டுத் தோட்டத்தின் கோடியில் கட்டிப்போட்டார். "பிள்ளை குட்டி இல்லை, அதான் படகை வச்சுக் கொஞ்சறா" என்று சொந்தக்காரர்கள் பேசியது என் காதில் விழாமல் இல்லை. பேசிவிட்டுப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக் காற்றில் பாய் விரிந்தால் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

முட்டுக்காட்டுக்கும் பழவேற்காட்டுக்கும் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்க்கூட ஓட்டியிருக்கிறோம். ஆனால் அவருடைய ஆசை ஒன்றுதான். அடையாற்றில் கிளம்பி, பக்கிங்காம் கால்வாய் வழியாகவே மகாபலிபுரம் போய்ச் சேர வேண்டும். மயிலாப்பூர்ப் பக்கம் கால்வாயில் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டு அடைத்தாயிற்று. தெற்கே மட்டும் இன்னும் வழி இருந்தது. என்ன பெரிய வழி! சாக்கடையும் ஆகாயத்தாமரையும்தான். ஊரைத் தாண்டுகிறவரை மூக்கைப் பிடித்துக்கொள், அப்புறம் தெளிந்த தண்ணீர் என்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்குக் கண்ணில் அழுத்தம் என்றார்கள். அதற்குள் இடது கண் போய்விட்டிருந்தது. வலது கண்ணும் போகும், எப்போது என்று சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். ஸ்கூட்டரை விட்டுவிடச் சொன்னார். ஆட்டோவில் திரும்பினோம். லஸ் முனையில் சிக்னலுக்கு நின்றபோது சொன்னார்.

"வலது கண் நன்னாத் தெரியறது. அது இருக்கறச்சேயே மகாபலிபுரம் பாத்துட்டு வந்துடலாம்."

"போலாம். ஆனா தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும்."

"சொல்லாம இருப்பேனா?"

பாய்மரத்தோடு கால்வாயில் போவது லேசுப்பட்ட காரியமில்லை. பாலம் வந்தால் மரத்தைச் சாய்த்தாக வேண்டும். அதற்காக மரத்தின் அடியில் கீல் வைத்திருந்தார். முன்பக்கம் கட்டிய கயிற்றை நான் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் மரம் பின்னால் படுக்கும். கயிற்றைப் பிடிக்கிறவள் மரத்தைப் பார்த்தபடிதான் நிற்க முடியும். அதனால் பாலம் எனக்கு முதுகுப் பக்கம். சுக்கானைப் பிடித்திருக்கும் அவர்தான் பாலத்தைப் பார்த்து "இறக்கு" என்று குரல் கொடுக்க வேண்டும். கோட்டூர்புரத்துப் பக்கம் கால்வாய்க்குள் திரும்பியதும் வருகிற முதல் பாலம், பெரிய சாலைப் பாலம். அதுவரை போய்ப் போய்ப் பழகினோம். ஒரு தடவைகூட அவர் குரல் தப்பியதில்லை. வலது கண் பிழைத்துக்கொண்டது என்று கபாலிக்கு அர்ச்சனைகூடச் செய்தேன். என்ன பைத்தியக்காரத்தனம்!

கிளம்பும் நாளைத் தேர்ந்தெடுத்தது நான். மறுநாள் பந்த் என்று பேப்பரில் வந்திருந்தது. நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடமும் கிடையாது. மற்ற நாளென்றால் பாலத்து மேல் கூட்டம் கூடிவிடும். "மாமி படகு வுடுது பார்றா" என்று கத்துவார்கள். பந்த் அன்று தெருவில் ஒரு ஈ காக்கை இருக்காது.

"பந்த் அன்னிக்கு வேண்டாமே" என்றார்.

"ஏன்னா? என்ன ஆயிடும்?"

அவர் காரணம் சொல்லவில்லை. நானும் விடவில்லை.

காலையில் புளியோதரையும் தண்ணீர்க் கூஜாவுமாகக் கிளம்பினோம். நல்ல காற்று. கால்வாய்க்குள் திரும்பியதும் நாற்றம் குடலைப் பிடுங்கியது. நான் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயும் ஒரு சத்தமில்லை. என் தலைமேல் நிழல் விழுந்தது. என்ன நிழல் என்று நினைப்பதற்குள் மரம் பாலத்தில் மோதியது. கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. முறிந்த மரம் அவர் தோளை உரசிக்கொண்டு தண்ணீரில் விழுந்தது.

"பாலம் வந்துடுத்தா?" என்று கேட்டார்.

கரையில் குடிசைகளிலிருந்து ஒருவர் ஓடிவந்து இடுப்பளவு சேற்றில் இறங்கிப் படகைப் பிடித்தார். "இன்னா சார், எதிர்ல இம்மாம் பெரிய பாலம் கீது, தெர்ல?" என்றார்.

"இன்னிக்கு பஸ் ஓடலையே" என்றார் என் கணவர்.

அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இத்தனை ஞாயிறும் அவர் பாலத்தைப் பார்க்கவே இல்லை. மேலே ஓடிய பஸ்களின் சத்தத்தைக் கேட்டுத்தான் "இறக்கு" என்று சொல்லியிருக்கிறார். பாவி மனுஷர், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை! கன்னத்தில் அறையலாம் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

உடைந்த மரத்தை அந்த மனிதர் தூக்கிப் படகில் போட்டுக் கொடுத்தார். திரும்பினோம். சுக்கானை நான் வாங்கிக்கொண்டேன். துடுப்புப் போட அவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார், முழங்கால் முழங்காலில் இடிக்கிற தூரத்தில். அவருடைய துடுப்பு ஒழுங்காகத்தான் விழுந்தது. என் கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் கொட்டியது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. மூக்கை உறிஞ்சாமல் மட்டும் பார்த்துக்கொண்டேன்.

ஆற்றுக்குள் வந்ததும் துடுப்பை நிறுத்திவிட்டு என் முகத்துக்கு நேராகப் பார்த்தார்.

"நிழல்லதான் கொஞ்சம் தடுமாறிடுத்து. வெளிச்சத்துல நன்னாத் தெரியறது. இப்போ நீ சிரிச்சிண்டுதானே இருக்கே?"

"ஆமாம்னா," என்றேன். "சிரிச்சிண்டுதான் இருக்கேன்."