அப்பாவுக்கு நான் போட்ட சுக்குக்காப்பி

பத்து வயதில் எனக்குக் கிடைத்த அரைப்பரீட்சை லீவை அப்பா மூச்சு விடுவதைப் பார்த்தே கழித்தேன். தெருவில் மற்ற பிள்ளைகள் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டினார்கள், குடில் போட்டார்கள், சண்டை போட்டார்கள். நான் மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை நடுவீட்டில் சுவரோரம் உட்கார்ந்து, பாயில் மல்லாந்து கிடக்கும் அப்பாவின் வயிறு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறிய வயிறு இறங்கக் கொஞ்சம் தாமதித்தால் எனக்கும் மூச்சு நின்றுவிடும்.

அப்பாவுக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை. திருவட்டாறு தாண்டி ஒரு தோட்டத்தில். விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வெறும் வயிற்றில் பால் சேர்க்காத கட்டன்சாயா இரண்டு கிளாஸ் குடித்துவிட்டுக் கிளம்புவார். தோட்டத்தில் இன்னும் இரண்டு கிளாஸ். வேறு ஒன்றும் வயிற்றுக்குள் போகாது. பாலெடுத்து, அதை ரப்பர் ஷீட்டாக அடித்துப் போட்டு, மத்தியானம் வீடு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால், அதுவரை சாப்பிடாததற்கெல்லாம் சேர்த்துச் சாப்பிடுவார். அவித்த மரச்சீனிக் கிழங்கு ஒரு மலை, அதன்மேல் புளியும் காந்தாரி மிளகாயும் கூடின மீன்கறி, அப்புறம் சோறு, அப்புறம் மறுபடியும் மீன்கறி. கை கழுவின ஈரம் காயுமுன்னே படுத்துவிடுவார். தலையணை வைக்கமாட்டார். வைத்தால் கழுத்து பிடிக்குமாம்.

அவர் செருமாமல் ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. காலையில் குரல் கரகரத்துக் கிடக்கும். வாயெல்லாம் புளிக்கிறது என்பார். தொண்டையில் ஒரு உருண்டை நிற்கிறது, விழுங்கினால் இறங்க மாட்டேன் என்கிறது, காறினால் வர மாட்டேன் என்கிறது என்பார். பிறகு இன்னொரு கிளாஸ் சாயா குடிப்பார்.

இதற்கெல்லாம் காரணம் கண்டுபிடித்தவர் மாமி. மாமி என்றால் அப்பாவின் மூத்த அக்கா, பக்கத்து வீடு. எங்கள் குடும்பத்தில் மாமி தீர்ப்பு சொன்னால் அதற்குமேல் அப்பீல் கிடையாது.

"மலப்பனி மாருல எறங்கி சளியா கெட்டிக் கெடக்கு. சுக்குக்காப்பி ஒழுங்கா உள்ள போனா எல்லாம் எளகிப் போவும்" என்றார். குடிப்பதற்கு முறையும் சொன்னார். சாப்பிட்ட கையோடு ஒரு பெரிய டம்ளர். குடித்த சூட்டோடு நீட்டி நிமிர்ந்து படுக்கவேண்டும். எழுந்து நடந்தால் மருந்து வயிற்றுக்கு இறங்கிப் போய்விடும், மாரில் நிற்காது.

அம்மா காலையிலேயே அண்டியாபீசுக்குப் போய்விடுவாள். முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வருவாள். ஆகவே வைத்தியம் என் பொறுப்பாயிற்று. சுக்கும் நல்லமிளகும் மல்லியும் தட்டிப்போட்டு, கருப்பட்டி கரைத்து, காப்பிப்பொடி போட்டு இறக்கவேண்டும். அடுப்பில் தனியாக ஒன்றைக் கொதிக்கவைக்க எனக்கு விட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டி, "கொள்ளாம் மக்கா" என்றபோது பரீட்சையில் முதல் மார்க் வாங்கியதுபோல் இருந்தது.

மூன்றாம் நாள்தான் அது நடந்தது.

அப்பா தூங்கி அரைமணி நேரம் ஆகியிருக்கும். திடீரென்று தூக்கிப் போட்டதுபோல் எழுந்து உட்கார்ந்தார். இரண்டு கையும் கழுத்தில். கண் பிதுங்கியிருந்தது. வாய் திறந்திருந்தது, ஆனால் சத்தமே வரவில்லை. இருமலும் இல்லை. உள்ளே போகிற வழியை யாரோ அடைத்துவிட்டதுபோல் நெஞ்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே சிகிச்சையைச் செய்தேன். ஓடிப்போய் அவர் உச்சந்தலையில் தட்டினேன். புரையேறினால் அப்படித்தானே செய்வார்கள். கொஞ்ச நேரத்தில் 'கீ' என்று ஒரு சத்தத்தோடு மூச்சு உள்ளே போயிற்று. அப்புறம் இருமினார். அப்புறம் சிரிக்க முயற்சி செய்தார்.

"பொரையேறிச்சு மக்கா. அம்மைட்ட சொல்லாத."

நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும். அந்த வருடம் கிழக்குத் தெருவில் ஒரு கொத்தனார் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழும்பவே இல்லை. அவர் மகள் என் வகுப்பில்தான் படித்தாள். அவள் அப்பாவை மூடியிருந்த வெள்ளைத் துணியை நான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அப்பா படுக்கும்போதெல்லாம் அந்தத் துணிதான் கண்ணுக்குள் வந்தது.

என் புத்திக்கு எட்டியது ஒன்றுதான். மருந்து போதவில்லை. அடுத்த நாள் மிளகை இரட்டித்தேன். டம்ளருக்குப் பதில் செம்பு எடுத்தேன். அப்பாவின் கண்ணில் தண்ணீர் வந்தது, சளி இளகுகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் மறுபடியும் அதுபோல் வந்தது, கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது. நான் இன்னும் கொஞ்சம் மிளகு கூட்டினேன்.

ஏழாம் நாள் தோட்டத்தில் வேலை கூடுதல். அப்பா வந்து சேரவே இரண்டு மணி தாண்டிவிட்டது. பசி மும்முரத்தில் வழக்கத்துக்கு மேலேயே சாப்பிட்டார். நான் செம்பை நீட்டினேன். விளிம்புவரை இருந்தது.

"இவ்வளவுமா மக்கா?"

"மாமிதான் இவ்வளவும் குடிக்கச் சொல்லிச்சு" என்றேன். மாமி அப்படிச் சொல்லவே இல்லை.

அவர் என்னைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார், கடகடவென்று முழுவதையும் குடித்தார். ஏப்பம் விட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டார். நான் பாயைச் சுருக்கமில்லாமல் விரித்துக் கொடுத்து, சுவரோரம் என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். வயிறு ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. இருபது நிமிஷம் நன்றாகத்தான் போயிற்று.

அப்புறம் அவர் எழுந்த வேகத்தில் பாய் சுருண்டு என் காலில் மோதியது. இந்தத் தடவை உட்காரவில்லை, வாசலைத் தாண்டி முற்றத்துக்கே ஓடினார். முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றார். மூச்சு உள்ளே போகவில்லை. முதுகு துடித்தது. நான் உச்சந்தலையில் தட்டினேன், முதுகில் குத்தினேன், "அப்பா, அப்பா" என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. கையை ஆட்டி என்னை எங்கேயோ போகச் சொன்னார். நான் ரோட்டுக்கு ஓடினேன்.

தெருமுக்கில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் வண்டிக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எப்படி எழுப்பினேன், என்ன சொன்னேன் என்பது ஞாபகமில்லை. அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கிழித்துவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள். நாங்கள் வந்து பார்த்தபோது அப்பா துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். மூச்சு வந்திருந்தது. மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தன.

"எனக்கொண்ணும் இல்லப்பா" என்றார், காற்று மட்டுமே இருந்த குரலில்.

"அண்ணே, மொகம் நீலிச்சுக் கெடக்கு. பேசாம ஏறுங்க" என்று ஆட்டோ அண்ணன் அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கினார். போகிற வழியில் அண்டியாபீஸ் வாட்ச்மேனிடம் அம்மாவுக்குத் தகவல் சொல்லிவிட்டுப் போனோம்.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் மாரில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். இருதயத்துக்குக் குறைவில்லை. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்கள். சளி துளியும் இல்லை என்றார்கள். மாமியின் தீர்ப்பை இவ்வளவு சுலபமாக ஒருவர் தள்ளிவிட முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. கடைசியில் மேல்மாடிக்கு, தொண்டை டாக்டரிடம் அனுப்பினார்கள். சின்ன வயதுப் பெண். மெல்லிய குழாய் ஒன்றை அப்பாவின் மூக்கு வழியாக விட்டுத் தொண்டைக்குள் பார்த்தார். பக்கத்து டி.வி.யில் அது தெரிந்தது. எல்லாம் சிவந்து வீங்கிக் கிடந்தது. உள்ளே வெந்திருக்கிறது என்று எனக்கே புரிந்தது.

டாக்டர் ஒரு தாளில் வயிறும் குழலும் வரைந்து காட்டினார். வயிற்றின் வாயில் ஒரு மூடி இருக்கிறதாம். அப்பாவுக்கு அது தளர்ந்துவிட்டது. வயிற்றிலிருக்கும் அமிலம் உணவுக்குழலில் மேலே ஏறி வருகிறது. வந்து வந்து தொண்டையை அரித்துவிட்டது. உருண்டை நிற்பதுபோல் இருப்பதும் அதனால்தான், செருமலும் அதனால்தான்.

"படுத்தா இன்னும் சுலபமா ஏறிடும். ஒரு சொட்டு மூச்சுக்குழல் பக்கம் போனாப் போதும், குரல்வளை இறுக்கமா மூடிக்கும். நுரையீரலுக்குள்ள அமிலம் போகக் கூடாதுன்னு உடம்பு செய்யற காவல்தான் அது. ஆனா காவல் கொஞ்சம் கூடிப்போனா நமக்கு மூச்சு முட்டுது" என்றார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சரி, படுக்கறதுக்கு முன்னாடி என்ன சாப்பிடறீங்க, என்ன குடிக்கறீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்று கேட்டார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பதில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். சுக்கு எவ்வளவு, மிளகு எவ்வளவு, எல்லாம் என் நாக்கு நுனியில் நின்றது. அப்பா என் தோளில் கை வைத்தார்.

"மக்கா, கீழ ஆட்டோ அண்ணன் நிக்கானான்னு பாத்துட்டு வா."

அண்ணன் நின்றுகொண்டுதான் இருந்தார், கிழிந்த சட்டையோடு. ஓடிவந்து பார்த்தால் டாக்டர் அறைக் கதவு சாத்தியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். அம்மாவும் அதற்குள் மூச்சிரைக்க வந்துவிட்டாள். கதவு திறந்தபோது டாக்டர் வாசல்வரை வந்து என்னையே பார்த்தார். அப்புறம் குனிந்து என் தலையைத் தடவினார். அப்பாவைக் காப்பாற்றிய பெண் என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வந்தது. பாய் பரணுக்குப் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவேண்டும், சாப்பிட்டு மூன்று மணி நேரத்துக்குப் படுக்கக் கூடாது. மாமி வந்து நின்று விசாரித்தார். "எல்லாம் அந்தக் கட்டன்சாயா பண்ணின வேலையாக்கும் அக்கா" என்றார் அப்பா. மாமிக்கும் அது திருப்தியாக இருந்தது. தான் அன்றே சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் நான் செம்பில் சுக்குக்காப்பி கொண்டுபோனேன். அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். செம்பை வாங்கி, ஆவி அடங்கும்வரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தரையில் வைத்தார்.

"வேண்டாம் மக்கா."

"மருந்தில்லியா? குடிக்கணும்."

"எனக்கு அது புடிக்கல்ல. மொதல்லேருந்தே புடிக்கல்ல. ஒனக்குக் காப்பி போடத் தெரியல்ல."

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. ஏழு நாள் நாக்கைச் சப்புக்கொட்டியது பொய்யா? செம்பைக் கொண்டுபோய் வாழை மூட்டில் கவிழ்த்தேன். இவர் செத்துத்தான் போகப்போகிறார், போகட்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்னபிறகு பயந்துபோய் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பள்ளிக்கூடம் திறக்கும்வரை அவரோடு பேசவில்லை. ஆனால் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வயிறு ஏறி இறங்குவதைப் பார்ப்பதை மட்டும் விடவில்லை.

அவர் சாகவில்லை. மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினார், கட்டன்சாயாவை விட்டார், மூச்சு முட்டல் நின்றது. அது நான் போட்ட காப்பியால்தான், ஏழு நாளில் பாதிச் சளி கரைந்துவிட்டது, மீதியைத்தான் டாக்டர் பார்த்தார் என்று சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பக்கத்தில் அப்பா இருந்தால் காதைச் சொறிந்துகொள்வார்.

இப்போது நான் டீச்சர். நாள் முழுக்கக் கத்துகிற வேலை. போன மாதம் குரல் கம்மி, தொண்டையில் உருண்டை நின்று, நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் போனேன். அவரும் அதே படம்தான் வரைந்தார். அதே கேள்விதான் கேட்டார். தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று படுக்கப் போகுமுன் சுக்குக்காப்பி குடிக்கிறேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். காப்பி அந்த மூடியை இன்னும் தளர்த்தும், மிளகு வெந்த இடத்தில் எரியும், வயிறு நிறையக் குடித்துவிட்டு உடனே படுத்தால் எல்லாம் மேலேதான் வரும் என்றார். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. விளிம்புவரை நிறைந்த செம்பு, சுருக்கமில்லாமல் நான் விரித்த பாய், அப்பாவின் நீல உதடு.

வெளியே வந்து நின்றபடியே போன் செய்தேன்.

"அப்பா, அன்னைக்கு டாக்டர் என்ன குடிக்கியன்னு கேட்டப்போ, என்னைய எதுக்கு வெளிய அனுப்புனிய?"

செருமினார். "ஆட்டோக்காரன் நிக்கானான்னு பாக்கத்தான்."

"உள்ளதச் சொல்லுங்கப்பா."

மறுபடியும் செருமினார். பிறகு, "நல்ல காப்பியாக்கும் மக்கா அது. மெளகு மட்டும் கொஞ்சம் கூடுதல்" என்றார்.

பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் அப்பாவைக் காப்பாற்றினேன், அவர் நன்றியில்லாதவர் என்பதுதான். தன் கையால்தான் அப்பாவுக்கு மூச்சு முட்டியது என்று பிள்ளை தெரிந்துகொள்வதைவிட அவள் அப்பாமேல் கோபமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு மனிதர் முடிவு செய்வார் என்பது அப்போது தெரியாது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்த அத்தனை மத்தியானமும், அவர் வாயைத் திறக்காமல் எனக்காக மூச்சை ஒழுங்காக விட்டுக்கொண்டிருந்தார்.