நல்ல தூரிகைக்காகத் திருவனந்தபுரம் வரை

என் மனைவி தங்கம்மைக்கு வாதம் வந்து வலது கை தளர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. நெய்யூரில் பார்த்த டாக்டர், விரல்களுக்குப் பிடித்த வேலை ஏதாவது கொடுங்கள் என்றார். அவள் கேட்டது என் நீர்வண்ணத் தூரிகையை. தினமும் ஒரு கோடாவது இழுப்பாள். தண்ணீர் பட்டதும் அதன் முடி துடைப்பம்போல விரியும்; கோடு இரண்டாகப் பிளக்கும். ஒருநாள் அதை எறிந்துவிட்டு, "இனி இந்தக் கையால ஒண்ணும் ஆகாது" என்று அழுதாள்.

குற்றம் தூரிகையில் என்றேன். "அம்மைக்குக் கைதான் கேடு. பிரஷ்ஷு என்ன செய்யும்?" என்றான் மகன். ஓவியம் நானாகவே கற்றதால் என் சொல்லுக்கு வீட்டில் அவ்வளவுதான் மதிப்பு. அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. 1952 தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

இராஜாக்கமங்கலத்தில் காலை ஆறு மணிக்கு பஸ். நாகர்கோவில் ஏழு மைல், ஆளுக்கு மூன்றணா. அங்கிருந்து திருவனந்தபுரம் நாற்பத்திரண்டு மைல், ஒரு ரூபாய் ஐந்தணா. தக்கலை வரை சாலை குலுக்கும். உடம்புக்கு முடியாதவர்களுடன் போனால் முன் இருக்கையைக் கேளுங்கள். கொடுக்க மாட்டார்கள்; படியில் நின்றுகொண்டு கேளுங்கள்.

"பாட்டா, படியில நிண்ணா வண்டி எப்பிடிப் போவும்?" என்றார் கண்டக்டர்.

"போகாண்டாம்" என்றேன். இருக்கை கிடைத்தது.

பத்தரை மணிக்குத் திருவனந்தபுரத்தில் சாலை என்னும் கடைத்தெரு. தூரிகைக் கடைக்காரர் எங்கள் நாகர்கோவில் பக்கத்துக் கோட்டாற்றுக்காரர். புதுத் தூரிகைகளை எல்லாம் பசை தடவி ஊசிபோல நிறுத்தியிருப்பார்கள். கடையில் எல்லாமே அழகுதான். பசை கரைந்தால்தான் குணம் தெரியும். தண்ணீர் கேட்டேன். "நனைச்சா யாரு வாங்குவா?" என்றார். நான் விடுவேனா? ஒன்றை எடுத்து வாயில் வைத்து நனைத்தேன். வாயில் வெற்றிலை இருந்ததை மறந்துவிட்டேன். முடி முழுக்கச் சிவப்பு.

"ஓய், இது கடையா, துப்புற கோளாம்பியா?" என்றார் கடைக்காரர்.

தங்கம்மை சிரித்தாள். ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு. சிவந்த தூரிகைக்குப் பன்னிரண்டணா கொடுத்தேன். அதுவும் துடைப்பம்தான். அவள் சேலைக்குள் மறைத்திருந்த கையைக் கடைக்காரர் அப்போதுதான் கவனித்தார். உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அணில் முடித் தூரிகை தண்ணீரை நன்றாகக் குடித்தது. ஆனால் வளைத்தால் வளைந்தபடியே கிடந்தது. அடுத்து, சேபிள் என்னும் கீரி போன்ற சீமைப் பிராணியின் முடியில் செய்த ஆறாம் நம்பர் தூரிகையை நனைத்து ஒரு உதறு உதறினேன். முடிகள் தாமாகக் கூடி ஒரே நுனியாக நின்றன. விரலில் அழுத்தி விட்டேன், நிமிர்ந்தது. நான்கு ரூபாய்.

பொட்டலத் தாளில் தங்கம்மை ஒரு கோடு இழுத்தாள். கோடு நடுங்கியது. தாள் சரியில்லை என்று ஆரம்பித்தேன்.

"கேட்டியளா, தாளை ஏசாதீங்க. ஆடுனது என் கைதான்" என்றாள். பிறகு குனிந்து பார்த்து, "ஆனா ஒரே கோடு. பிளக்கல்ல" என்றாள்.

மகன் சொன்னது பாதி சரி என்று எழுத என் கை வரவில்லை. எழுதிவிட்டேன்.

தூரிகை வாங்கப் போகிறவர்களுக்கு: வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போங்கள். தண்ணீர் தராத கடையில் வாங்காதீர்கள். பிடிக்கப்போகிறவரை உடன் அழைத்துப்போங்கள்; அவர் இன்னொரு தாள் கேட்டால் அதுதான் சரியான தூரிகை. தங்கம்மை நான்கு தாள் கேட்டாள். ஊர் திரும்பும் இரண்டு மணி வண்டியைத் தவறவிட்டோம்.