லுன்டேவால் தீவில் நிமிர்ந்து நின்றவன்

நம்பாவிட்டால் போங்கள், எனக்கு நஷ்டமில்லை. 1974 ஆகஸ்ட் மூன்றாம் தேதி மாலை என் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

வடதுருவக் கடலில் இருக்கும் லுன்டேவால் தீவில் ஆள் கிடையாது, மரம் கிடையாது. பாறையும் பனியும்தான். 1887இல் சீல் என்னும் கடல்நாய்களை வேட்டையாட வந்த கேப்டன் லுன்டேவால் கண்டுபிடித்தார். அவர் பெயரே நிலைத்துவிட்டது. அவருடைய ஆட்கள் கட்டிய கற்குவியல் பனிவெளிக்கு அந்தப் பக்கம் இன்னும் நிற்கிறது. அதை வைத்துத்தான் நானும் என் கூட்டாளி ஓட்வாரும் வரைபடத்துக்காகத் தீவை அளந்தோம். ஆறு மணிக்குக் கப்பல் வரும், காத்திருக்காது. எனக்கு ஒரே அவசரம்.

அளவுகோலைத் தூக்கிக்கொண்டு ஓட்வார் கற்குவியலை நோக்கிக் கிளம்பினான்.

"கயிறு கட்டிக்கலாமாடா?"

"அதுக்கெல்லாம் நேரமில்ல. நேராப் போ."

"சரி, செத்தா உன் சமையல்லேருந்து தப்பிச்சேன்!"

கோணம் அளக்கும் எங்கள் கருவியின் தொலைநோக்கியில் எல்லாமே தலைகீழாகத் தெரியும். வானம் கீழே, பனி மேலே. பழகிப்போன விஷயம்.

மணி 4.25. கற்குவியலைத் தேடிப் பிடித்தேன். பக்கத்தில் ஒருவன் நின்றான். அதற்குள் ஓட்வார் போய்விட்டானே என்று கோணத்தைக் குறித்துக்கொண்டேன்.

பிறகுதான் உறைத்தது. கற்குவியல் தலைகீழ். அவன் மட்டும் நேராக நின்றான்.

கண்ணை எடுத்தேன். அங்கே யாருமில்லை. ஓட்வார் பாதி வழியில்தான் இருந்தான்.

மறுபடி தொலைநோக்கியில் பார்த்தேன்... அந்த ஆள் கிட்டே வந்திருந்தான். ஓட்வாருக்கு ஐந்தடி முன்னால்.

இரண்டு கைகளும் தலைக்கு மேலே. முடியும் மேலே. காலில் ஒரு கயிறு...

இதில் நேராகத் தெரிகிறவன் உண்மையில் தலைகீழாகத் தொங்குகிறான்.

வாக்கிடாக்கியில் கத்தினேன்.

"ஓட்வார்! நில்லு!"

"இப்ப என்னடா?"

"அசையாதே! கால எடுத்து வைக்காதே!"

நின்றான். கோலால் முன்னே குத்தினான்.

சர்ர்ர்...

பனி உள்ளே சரிந்தது. கோலும் போயிற்று. அது அடியில் விழுந்த சத்தம் அவனுக்குக் கேட்கவே இல்லை.

தொலைநோக்கியில் இப்போது ஓட்வார் மட்டும்தான்.

கயிறு வேண்டாம் என்றது நான்தானே. அந்த நினைப்பு என்னைத் தூங்க விடவில்லை. அந்தக் குளிர்காலத்தில் நார்வேயின் துரோம்சோ நகரில் லுன்டேவாலின் கப்பல் குறிப்பேட்டைத் தேடிப் படித்தேன். கற்குவியல் கட்டிவிட்டுத் திரும்பிய மூவரில் ஒருவன் பனிப்பிளவில் விழுந்தான். காலில் கயிறு சுற்றித் தலைகீழாகத் தொங்கினான். தூக்க முடியவில்லை. கடல் உறைய ஆரம்பித்திருந்தது. கேப்டனுக்கும் அவசரம். கயிற்றை அறுக்கச் சொன்னார்.

அறுத்த நேரத்தையும் எழுதியிருந்தார். மாலை 4.25. அப்போதும் அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்தானாம்.