மத்தாப்புப் பக்கத்தின் அடியில்

சிவகாசியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த பெண் அவள். மெலிந்த உடம்பு, தலையில் வெள்ளைத் துப்பட்டி. கம்ப்யூட்டர் முன் உட்காருமுன் ஜன்னல் கம்பியை உள்ளங்கையால் ஒருமுறை தொடுவாள். உடம்பின் மின்சாரம் இறங்கட்டும் என்று, பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைக்குள் போகுமுன் வேலைக்காரிகள் நாங்கள் வாசல் செப்புத் தகட்டைத் தொடுவோமே, அப்படி.

ஊர் விஷயங்களை எழுதி இணையத்தில் ஒரு பிளாக் நடத்தினாள். தீக்காயத்தில் பேனா மை தடவாதீர்கள், தண்ணீர் ஊற்றுங்கள் என்று நான் சொன்னதையும் போட்டிருந்தாள். மை தடவி என் மருமகள் கை புண்ணாகிப் பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். ஆனால் அந்தப் பக்கம் பழசாகி, யார் கண்ணிலும் படவில்லை.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதே வகையில் உள்ள மற்றப் பக்கங்களின் இணைப்பைக் காட்டப் போவதாக ஒருநாள் சொன்னாள். என் தீக்காயப் பக்கத்தைச் சளிக் கஷாயத்தோடு மருத்துவ வகையில் வைத்திருந்தாள்.

"சளி பிடிச்சவனுக்கு அது எதுக்கு தாயி? மத்தாப்புப் பக்கத்துக்குக் கீழ போடு."

"விளம்பரம் குடுக்குற பட்டாசுக் கடைக்காரரு கோவிச்சுக்குவாரே பெரிம்மா. சீசன் வேற."

"அப்ப விட்டுரு. உன் பொழப்பு அது."

"நல்லா சொன்னீக. நீங்க இவ்வளவு சொன்ன பிறகு இப்ப விட்டுரவா?"

சிரித்துக்கொண்டே கம்பியைத் தொட்டாள். பட்டாசுப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எல்லாவற்றின் அடியிலும் என்னுடையதைச் சேர்த்தாள். மத்தாப்புப் பக்கத்தில் அதை நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

கடைக்காரர் விளம்பரத்தை நிறுத்திவிட்டார். அதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. வேறு ஆள் சொல்லித்தான் கேட்டேன். கம்பியைத் தொடும் அந்தக் கை முன்பு எந்தப் பட்டாசுக் கம்பெனி வாசலில் தகடு தொட்டுப் பழகியதோ, அதையும் சொன்னதில்லை.